வீட்டில் ஒழுங்காக வரும் சிக்னல் மெரினாவில் மட்டும் ஏன் விட்டுப்போகிறது? (அப்பாவின் சுகர் சென்சார்)

மந்தைவெளி மகள் | சனி, காலை 7.42

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பாவுக்கு 64 வயது, இருபது வருஷமாக சுகர், இப்போது இன்சுலின் போடுகிறார். இரண்டு மாதமாகக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடது மேல்கையின் பின்பக்கம், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அது ப்ளூடூத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவை போனுக்கு அளவை அனுப்பும், 70க்குக் கீழே போனால் போன் அலறும், எனக்கும் தகவல் வரும். அந்த அலறலுக்காகத்தான் வாங்கினோம், ஏனென்றால் அவருக்கு சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகும்போது முன்பு மாதிரி நடுக்கம், படபடப்பு எதுவும் தெரிவதில்லை.

தினமும் காலை 5.30க்கு மெரினாவில் காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்புவார். பிரச்சினை அங்கேதான். போன புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது டீ-சர்ட் தொப்பலாக நனைந்து, பேச்சு குழறி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஐந்தாறு நிமிஷத்தில் சரியானது. அப்போது போனை எடுத்துப் பார்க்கிறேன், விட்டுப்போயிருந்த கோடு என் கண்ணெதிரே மளமளவென்று நிரம்புகிறது, 6.10க்கு 58 என்று இருக்கிறது. அதாவது சென்சார் அளந்திருக்கிறது, நினைவிலும் வைத்திருக்கிறது, பாக்கெட்டில் இருந்த போனுக்கு மட்டும் அந்த நேரத்தில் போய்ச் சேரவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். வீட்டில் போன் சாப்பாட்டு மேஜையில் இருக்கும், அப்பா படுக்கையறையில் இருப்பார், நடுவில் ஒரு சுவர், நாலு மீட்டராவது தூரம். ஒரு தடவைகூட விட்டதில்லை. பீச்சில் போன் அவருடைய பேன்ட் வலது பாக்கெட்டில், சென்சாருக்கும் அதற்கும் முக்கால் மீட்டர்கூட இல்லை, ஆனால் அங்கே விடுகிறது. அட்டைப்பெட்டியில் 6 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிய கடையில் கேட்டால் போனை மாற்றுங்கள் என்கிறார்கள். போன் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்து 61 என்று காட்டியது, விரலில் குத்திப் பார்த்தால் 112. இதுவும் சிக்னல் கோளாறா? அப்புறம், உடம்போடு ஒட்டி இப்படி ரேடியோ அலை விட்டுக்கொண்டே இருப்பது நல்லதா என்று அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோடம்பாக்கம் 24 | சனி, காலை 8.15

கூட்டம்தான் காரணம். காலையில் மெரினாவில் நடக்கிற பாதிப் பேர் காதில் இயர்பட்ஸ், கையில் வாட்ச். ப்ளூடூத், வைஃபை எல்லாம் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நெரிசலில் உங்கள் அப்பாவின் சென்சார் கத்துவது போனுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலேயே ஒரு பார்க்கில் நடக்கச் சொல்லுங்கள்.

தரமணி ஆர்எஃப் | சனி, காலை 10.03

கோடம்பாக்கம் சார் சொல்வது நியாயமாகத்தான் தெரியும், ஆனால் இங்கே அது முக்கியக் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த நெரிசலை மனத்தில் வைத்துத்தான் ப்ளூடூத்தை வடிவமைத்தார்கள். அந்த அலைவரிசையை 40 சேனலாகப் பிரித்து, இணைப்பு கிடைத்த பிறகு 37 சேனல்களுக்குள் தாவிக்கொண்டே இருக்கும், எந்தச் சேனலில் இரைச்சல் அதிகமோ அதை ஒதுக்கிவிடும். மிச்சமுள்ள மூன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கூவுவதற்கு, அவற்றை வைஃபை வழக்கமாக உட்காரும் இடங்களுக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறார்கள். அதோடு, சகோதரி வீட்டில் அக்கம்பக்கத்து வைஃபை எத்தனை இருக்கும் என்று பாருங்கள். மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கும் நெரிசல், காலை ஐந்தரைக்கு மணலோரத்தில் இருப்பதைவிடக் கட்டாயம் அதிகம். அங்கேதான் ஒழுங்காக வேலை செய்கிறது.

நான் ஆன்டெனா வேலை செய்பவன். உடம்பில் கட்டும் கருவி வேலைக்கு வந்த முதல் வருஷம் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. ஆய்வகத்தில் எல்லாம் அருமையாக ஓடும், கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போனால் செத்துவிடும்.

விஷயம் இதுதான். சென்சாருக்கும் போனுக்கும் நடுவில் இருப்பது அப்பாவின் உடம்பு. நம் உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் போவதற்குள் அதன் திறன் ஏழில் ஒரு பங்காகிவிடும். அடுத்த 2 சென்டிமீட்டரில் அதிலும் ஏழில் ஒரு பங்கு. மார்பைக் குறுக்கே ஒரு 30 சென்டிமீட்டர் என்று வைத்து, முழுக்கத் தசை என்றே கணக்குப் போட்டால் இப்படி 15 தடவை. கடைசியில் மிஞ்சுவது லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. போனிலிருக்கும் ப்ளூடூத் சிப் மகா கெட்டிக்காரன்தான், அனுப்பியதில் 300 கோடியில் ஒரு பங்கு வந்தாலே பிடித்துவிடும், ஆனால் அதற்கும் இது பத்தாது. ஆகவே உடம்பை ஊடுருவி சிக்னல் வருகிறது என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள், அது நடப்பதில்லை.

அப்படியானால் வீட்டில் எப்படி வருகிறது? சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இடது கையிலிருந்து வெளியே போகும் அலை சுவர், பீரோ, கூரை, தரை என்று எதிலெல்லாமோ மோதித் தெறித்து சுற்றுவழியில் போனை வந்தடைகிறது. செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டுவதில் இழப்பு உண்டு, ஆனால் ஒரு மனிதரின் இடுப்பைத் தாண்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மெரினாவில் ஒரு பக்கம் கடல், தலைக்கு மேலே வானம், சுற்றிலும் அகலமான மணல். இடது கையிலிருந்து போன அலை போனதுதான், திருப்பி அனுப்ப அங்கே ஆள் இல்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி, தோலை ஒட்டி உடம்பைச் சுற்றி வளைந்து வரும் கொஞ்சம். அதுவும் கையை வீசி நடக்கும்போது ஒரு கணம் கிடைக்கும், ஒரு கணம் கிடைக்காது. காலை வேர்வையில் தோல் நனைந்திருந்தால் ஆன்டெனாவின் சுருதியும் கொஞ்சம் கலையும்.

அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் 6 மீட்டர் நடுவில் எதுவும் இல்லாத நேர்க்கோட்டுக்கு. நீங்கள் தூரத்தைப் பார்க்கிறீர்கள், பார்க்க வேண்டியது நடுவில் என்ன இருக்கிறது என்பதை.

போனை மாற்ற வேண்டாம், போன் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். சென்சார் இருக்கும் அதே பக்கம், இடுப்புக்கு மேலே. பழைய ஃபிட்னஸ் பேண்ட் (கையில் கட்டும் பட்டை) ஏதாவது இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுகர் சென்சார் போனோடு இணைந்திருக்கும்போது ஸ்கேனர் ஆப்பில் தெரியாமல் போகலாம், அதனால் வேறு போனோடு இணைக்காத ஒரு பேண்டை சென்சாருக்குப் பக்கத்தில் கட்டுங்கள், இலவச ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றைப் போனில் போடுங்கள். சிக்னலின் பலம் மைனஸில் ஒரு எண்ணாக வரும். மைனஸ் 60 என்றால் நல்ல தெம்பு, மைனஸ் 90 தாண்டினால் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு 10க்கும் திறன் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு: இந்த மாதிரி சென்சார் விடுவது 1 மில்லிவாட் அளவு, அதுவும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரம். 4ஜி போன் சிக்னல் குறைந்த இடத்தில் 200 மில்லிவாட் வரை போகும், அதைக் காதில் வைத்து அரைமணி பேசுகிறோம். அந்தப் போனுக்கே இந்தியாவில் உடம்பு உறிஞ்சும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது என்று 2012லிருந்து விதி இருக்கிறது. சென்சார் அந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது. அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

ரிவர்சைடு ரன்னர் | சனி, மதியம் 12.20

தரமணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டையோடு அடையாறில் ஆறு வருஷமாக ஓடுகிறேன். வாட்ச் இடது கையில் இருக்கும்போது ஒழுங்காக வரும், முதுகுப்பையில் இருக்கும் போனுக்கு வராது. பட்டை முன்னால், போன் பின்னால், நடுவில் நான். திரு.வி.க. பாலத்தின் மேலே திறந்தவெளியில் அடிக்கடி விட்டுப்போகும், தெருவுக்குள் வந்ததும் சரியாகிவிடும். பாலத்தில் ஏதோ டவர் தொந்தரவு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் காரணம் புரிகிறது.

நீச்சலடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் ப்ளூடூத் சுத்தமாக எடுபடாது. சில பட்டைகள் அதனால்தான் துடிப்பைத் தனக்குள்ளேயே சேமித்துக் கரையேறியதும் கொடுக்கின்றன. பழைய 5 கிலோஹெர்ட்ஸ் பட்டைகள் தண்ணீரிலும் மணிக்கட்டு வரை எட்டும், அத்தனை குறைந்த அதிர்வெண்ணை தண்ணீர் அவ்வளவாக விழுங்குவதில்லை.

ஆழ்வார்திருநகர் அம்மா | சனி, மாலை 4.55

மகள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, என் பையனுக்கு ஏழு வயதில் டைப் 1 சுகர் வந்தது, இப்போது பன்னிரண்டு. அந்த வாசற்படிக் காட்சி எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

ராத்திரி இரண்டு மணி அலாரத்துக்கு சிக்னலோடு சம்பந்தமே இல்லைம்மா. அப்பா அன்றைக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாரா என்று கேளுங்கள். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை அளக்கிறது. கை மேலேயே உடம்பு பாரம் அழுத்தினால் அந்த இடத்துக்குப் புது நீர் வருவது குறைந்து எண் பொய்யாக இறங்கிவிடும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். கோட்டைப் பார்த்தாலே தெரியும், செங்குத்தாக விழுந்து செங்குத்தாக ஏறியிருக்கும், நிஜமான லோ அப்படி விழாது. நீங்கள் விரலில் குத்திப் பார்த்தது ரொம்பச் சரியான காரியம், அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

அதே காரணத்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடக்கும்போது ரத்தத்தில் சுகர் வேகமாக இறங்கும், சென்சார் அதை ஐந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் காட்டும். சிக்னல் கிடைத்தாலும் காட்டும் எண் கொஞ்சம் பழையது. அதனால் நாங்கள் பையன் விளையாடப் போகும்போது அலாரத்தை 70இல் வைப்பதில்லை, டாக்டரிடம் கேட்டு 85இல் வைத்திருக்கிறோம். இறங்குகிற அம்புக்குறியைப் பார்த்தால் 90இலேயே ஏதாவது கொடுத்துவிடுவோம். உங்கள் அப்பா நடைக்கு முன்னால் இன்சுலின் போடுகிறாரா, என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்பதையும் டாக்டரிடம் பேசுங்கள்.

லோ என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் அளவு, தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிஸ்கட், சாக்லேட் கொடுக்காதீர்கள், கொழுப்பு இருப்பதால் மெதுவாக ஏறும். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கட்டும், ப்ளூடூத் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னொன்று, உங்களுக்கும் தகவல் வரும் என்றீர்களே, அந்தத் தகவல் சென்சாரிலிருந்து நேராக வருவதில்லை. சென்சாரிலிருந்து அப்பா போனுக்கு ப்ளூடூத், அங்கிருந்து நெட் வழியாக உங்களுக்கு. முதல் கண்ணி அறுந்தால் உங்கள் போனிலும் ஒன்றும் வராது. எண் வரவில்லையே, ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நான் ஒரு தடவை நினைத்து ஏமாந்திருக்கிறேன். சிக்னல் இழப்புக்கென்று ஆப்பில் தனி அலாரம் இருக்கும், அது அணைந்திருக்கிறதா பாருங்கள், எங்களுடையதில் 20 நிமிஷம் எதுவும் வராவிட்டால் அடிக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், மயிலை | சனி, இரவு 8.30

எனக்கு 71 வயது, இரண்டு காதிலும் கருவி. தரமணி தம்பி சொன்னதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வலது காதில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் இடது காதிலும் ஒலி கூடுகிறது. நடுவில் இருப்பது என் தலை. இது எப்படி உடம்பைத் தாண்டுகிறது என்று கருவி பொருத்திய பெண்ணிடம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். காதுக்குக் காது பேசிக்கொள்வது ப்ளூடூத்தில் இல்லை, காந்தப்புலத்தில். இரண்டிலும் சின்னக் கம்பிச்சுருள் இருக்கிறது, ஏறக்குறைய 10 மெகாஹெர்ட்ஸில் ஒன்று இன்னொன்றைத் தூண்டுகிறது. நம் சதையும் எலும்பும் காந்தத்துக்குக் காற்று மாதிரிதான், மறிப்பதில்லை. ஆனால் தூரம் போகாது. தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் திறன் 64இல் ஒரு பங்காகிவிடுமாம். தலை அகலத்துக்குப் போதும், கையிலிருந்து இடுப்புக்கு வேண்டுமென்றால் சின்ன சென்சாரில் அதற்கேற்ற சுருளையும் பேட்டரியையும் வைக்க முடியாது.

போனிலிருந்து காதுக்குப் பேச்சு வருவது மட்டும் ப்ளூடூத். கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நடக்கும்போது போன் பின்பாக்கெட்டில் இருந்தால் எதிர்முனையில் மகன் பேசுவது அறுந்து அறுந்து கேட்கும். வீட்டு ஹாலில் கேட்காது அந்த அறுப்பு. நான் கண்டுபிடித்த மருந்து சட்டைப் பாக்கெட். அன்றிலிருந்து தொந்தரவு இல்லை. உங்கள் அப்பாவுக்கும் அதையே சொல்லுங்கள் அம்மா, சட்டைப் பாக்கெட் இடது பக்கம்தானே இருக்கிறது, சென்சாரும் இடது கையில்.

ஒன்று மட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைச் செய்யக்கூடாது, அதற்கும் போனுக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று என் தம்பிக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மந்தைவெளி மகள் | ஞாயிறு, காலை 9.10

இன்று காலை அப்பாவோடு நானும் போனேன். பேஸ்மேக்கர் இல்லை. தம்பியின் பழைய ஃபிட்னஸ் பேண்டை சென்சாருக்கு ஒரு விரல் கீழே கைக்குட்டையால் கட்டிவிட்டேன், என் போனை அவரிடம் கொடுத்தேன்.

வீட்டு ஹாலில், வலது பேன்ட் பாக்கெட்டில் மைனஸ் 74, 78 என்று ஆடியது. காந்தி சிலை தாண்டி மணல்பக்கம் வந்ததும் அதே பாக்கெட்டில் மைனஸ் 91, 94, அப்புறம் எண்ணே வரவில்லை, ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை தலைகாட்டியது. போனை எடுத்து இடது பக்கம் மார்போடு வைக்கச் சொன்னேன். மைனஸ் 63. நடந்துகொண்டே பார்த்தோம், கையை எப்படி வீசினாலும் 70ஐத் தாண்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே. இரண்டு அடி இடம் மாற்றுவதற்குள் ஆயிரம் மடங்கு வித்தியாசம், இது தெரியாமல்தான் புதன்கிழமை அப்படி ஆனது.

இன்னொன்று பார்த்தேன், தரமணி சாருக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி வலது பாக்கெட்டுக்கே மாற்றிவிட்டு, காமராஜர் சாலை ஓரமாக நடந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு சுற்றுலா பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் இறங்கிப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அப்பாவுக்கு இடது பக்கமாக, ஒரு மீட்டர் தள்ளி. அதை ஒட்டி நடக்கும் வரை எண் மைனஸ் 80க்கு ஏறி வந்தது, பஸ் முடிந்த இடத்தில் மறுபடி காணாமல் போனது. அப்பா அதை நம்பாமல் திரும்பிப் போய் இன்னொரு தடவை நடந்து பார்த்தார், அதே மாதிரி.

வாத்தியார் ஐயா சொன்ன சட்டைப் பாக்கெட்தான் கதையின் முடிச்சே. அப்பா முன்பெல்லாம் சட்டை போட்டுக்கொண்டுதான் நடக்கப் போவார், போன் அதில்தான் இருக்கும். பொங்கலுக்கு நான்தான் வேர்வை உறிஞ்சும் டீ-சர்ட் நாலு வாங்கிக் கொடுத்தேன், அதில் பாக்கெட் கிடையாது.

ஆழ்வார்திருநகர் அக்காவுக்கு: ஆமாம், அன்றைக்கு இடது பக்கம்தான் படுத்திருந்திருக்கிறார். கோடும் நீங்கள் சொன்ன மாதிரி கிணறு போல இருக்கிறது. சிக்னல் இழப்பு அலாரம் அணைந்துதான் இருந்தது, போட்டுவிட்டேன்.

ஆய்வு மாணவி, கிண்டி | ஞாயிறு, மாலை 6.40

பஸ் விஷயம் அற்புதமான சோதனை. எங்கள் ஆய்வகத்தில் இதை உலோகத் தகடு வைத்துச் செய்வோம்.

நான் ஆராய்ச்சி செய்வது இதற்கு நேர் எதிர்த் திசையில், உடம்பைத் தடையாகப் பார்க்காமல் கம்பியாகப் பயன்படுத்துவதில். 1996இலேயே தாமஸ் ஜிம்மர்மன் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த வேலையை வைத்து ஐ.பி.எம். செய்து காட்டியது, இரண்டு பேர் கைகுலுக்கினால் ஒருவரின் விசிட்டிங் கார்டு விவரம் இன்னொருவரின் கருவிக்குப் போய்விடும். தோலில் ஒரு தகடு பட்டும் படாமலும் இருக்கும், மிகச் சின்ன மின்னழுத்தம் உடம்பு முழுக்கப் பரவும், இன்னொரு கருவி அதை எங்கே தொட்டாலும் படிக்கும். 2012இல் வந்த ஐ.இ.இ.இ. (மின்பொறியாளர்களின் உலக அமைப்பு) 802.15.6 தரநிலை உடம்பில் அணியும் கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது, அதிலும் இந்த முறைக்கு 21 மெகாஹெர்ட்ஸில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 14 மீட்டர், நம் உயரம் அதில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே உடம்பு பெரிய ஆன்டெனாவாக மாறி எல்லாத் திசையிலும் ஒலிபரப்புவதில்லை. ப்ளூடூத்தில் அப்பாவின் சுகர் எண் பக்கத்துப் பெஞ்சுக்காரர் வரை போகிறது, குறியாக்கம்தான் அதைக் காப்பாற்றுகிறது. இந்த முறையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஷ்ரேயாஸ் சென் குழுவினர் இன்னும் கீழே, சில மெகாஹெர்ட்ஸுக்கும் உள்ளே இறங்கி வேலை செய்கிறார்கள், செலவாகும் மின்சாரமும் வெகு குறைவு.

பிறகு ஏன் கடையில் கிடைக்கவில்லை? மின்சுற்று என்றால் போவதற்கு ஒரு வழி, திரும்புவதற்கு ஒரு வழி வேண்டும். போவது உடம்பு வழியாக, திரும்புவது காற்று, தரை வழியாக. அந்தத் திரும்பு வழிதான் எங்கள் தலைவலி. வெறுங்காலோடு நின்றால் ஒரு அளவு, செருப்பு போட்டால் ஒரு அளவு, இரும்பு மேஜையில் முழங்கை பட்டால் வேறு. தாம்பரம் லோக்கலில் மேலே கம்பியைப் பிடித்தபடி வரும் ஒருவரின் உடம்பில் இது எப்படி மாறும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் இதை நம் ஊரில் விற்க முடியாது, அதற்காகத்தான் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறேன். சின்ன சென்சாருக்கு அந்தத் திரும்பு வழி இன்னும் மெலிது. ஆனால் போனும் இதே முறையில் பேசத் தொடங்கினால் வலது பாக்கெட்டா இடது பாக்கெட்டா என்ற கேள்வியே வராது, அந்த நாள் வர வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன்.

கோடம்பாக்கம் 24 | ஞாயிறு, இரவு 9.05

கூட்டம்தான் காரணம் என்று நான் சொன்னது தவறு. பஸ் சோதனையைப் படித்ததும் புரிந்துவிட்டது. அப்பா நலமாக இருக்கட்டும்.

மந்தைவெளி மகள் | வியாழன், காலை 7.25

நாலு நாள் ஆயிற்று, எழுதிவிடுகிறேன். எங்கள் தெருமுனை தையல்காரரிடம் நாலு டீ-சர்ட்டையும் கொடுத்து இடது மார்பில் பாக்கெட் வைக்கச் சொன்னேன். போன் கனத்தில் அந்தத் துணி தொங்கிவிடும் என்று சொல்லி, உள்பக்கம் காடா ஒட்டு கொடுத்து, மேலே ஒரு பட்டனும் வைத்துத் தந்தார். டாக்டரிடமும் பேசிவிட்டோம், அலாரம் இப்போது 85இல், காலை இன்சுலின் நடந்து வந்த பிறகு.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கோடு ஒரு இடத்திலும் விடவில்லை. இன்று 6.02க்கு எனக்கு அலாரம் அடித்தது, 83, கீழே இறங்குகிற அம்புக்குறி. உடனே போன் செய்தேன். அவருக்கும் அடித்திருக்கிறது, ஏற்கனவே பெஞ்சில் உட்கார்ந்து குளுக்கோஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். 6.20க்கு 104.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வருகிற செவ்வாய் சென்சார் மாற்ற வேண்டும், இந்தத் தடவை வலது கையில் போடச் சொல்லியிருக்கிறார்கள். இடது பாக்கெட் போதுமா?

தரமணி ஆர்எஃப் | வியாழன், காலை 8.50

போதலாம், மார்பு முன்பக்கமாக இருப்பதால் பேன்ட் பாக்கெட்டைவிட நன்றாகவே வரும். ஆனால் கைக்குப் பின்பக்கத்தில் ஒட்டுகிறீர்கள், நடுவில் பாதி மார்பு வந்துவிடும், திறந்தவெளியில் நான் அதை நம்பி இருக்க மாட்டேன். ஃபிட்னஸ் பேண்டைக் கட்டி ஒரு நாள் அளந்து பாருங்கள். மைனஸ் 85க்குக் கீழே அடிக்கடி போனால் தையல்காரரிடம் வலது பக்கமும் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

மந்தைவெளி மகள் | வியாழன், காலை 9.02

வைக்கச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை தருகிறார்.